ஒரு சொட்டுச் சேனை

விரலைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

மறுபடியும் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

பிரசவ ஆஸ்பத்திரியின் அறை. கட்டிலில் அவர் மகள் நிறைமதி. அவள் பக்கத்தில் நேற்றுப் பிறந்த பேரன். வெள்ளிக் கிண்ணத்தில் சொட்டுப் பால். தேனும் கூடாது, சீனியும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டதால், தாய்ப்பாலே சேனை.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சேனை தொட்டு வைப்பவரின் குணம் அப்படியே குழந்தைக்கு வந்துவிடும். திருநெல்வேலிப் பக்கம் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

இவருக்கு உண்டு. இருந்தாக வேண்டும். தத்துவப் பேராசிரியர். அறிவு பிறக்கும்போதே உள்ளே இருக்கிறது, வெளியிலிருந்து யாரும் எதையும் ஊற்றிவிட முடியாது என்று ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தியவர்.

அவர்தான், நான்தான் வைப்பேன் என்று நேற்றிலிருந்து ஒற்றைக் காலில் நின்றார்.

"உங்க கொள்கைப்படி யாரு வச்சா என்னப்பா?" என்றாள் மகள்.

"யாரு வச்சாலும் ஒண்ணுதாம்மா. அதனால நான் வைக்கேன்."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அவர் தர்க்கத்தில் என்றைக்குமே ஓட்டை இருந்ததில்லை.

விரலைத் தோய்த்தார். குனிந்தார்.

குழந்தை வாயைத் திறந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

கல்லூரியாக இருந்தால் இந்த இடத்தில் எதிர்வரிசையை ஒரு பார்வை பார்த்திருப்பார். அங்கே சக பேராசிரியர் தேவசகாயம் உட்கார்ந்திருப்பார். மனசு பிறக்கையில் வெறும் பலகை, அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்று சொன்ன தேவசகாயம். அந்த ஒரு வாக்கியத்துக்காக இவர் அவரோடு பேச்சை முறித்தார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அழைப்பிதழில் இருந்த அச்சுப்பிழைகளை மட்டும் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

விரல் பாதி வழியில் நின்றது.

ஒருவேளை?

சீச்சீ. அறிவுக்கு ஒவ்வாத பேச்சு.

இருந்தாலும், ஒருவேளை?

கொடுக்கிற மாதிரி தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். கோபம் தாராளமாக இருந்தது. எந்தக் குழம்பிலும் குறை கண்டுபிடிக்கிற நாக்கு இருந்தது. பகலில் சொல்லாமல் விட்ட பதில்களையெல்லாம் படுக்கையில் புரண்டு புரண்டு கூரைக்குச் சொல்லும் பழக்கம் இருந்தது.

குழந்தை இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தது.

அவரை நம்பி.

விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

அறை மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில் சம்பந்தி பேச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா. பாத்திரக்கடைக்காரர். வராந்தாவில் யாரோ இரும்பு வாளியை உருட்டினார்கள். பக்கத்து அறைக் குழந்தை வீறிட்டது. மனிதர் அசையவில்லை. அந்த முகத்தில் யார்மேலும் எந்தப் புகாரும் இல்லை.

இந்தத் தூக்கத்தைப் பற்றி இவர் தன் வீட்டில் அடிக்காத கிண்டல் இல்லை.

போய்த் தோளைத் தொட்டார்.

"சம்பந்தி, எந்திரிங்க. நீங்க வையுங்க."

பேச்சிமுத்து பதறி எழுந்தார். "என்ன சம்பந்தி, வெளாடுதீங்களா? நான் எட்டாங்கிளாஸ் தாண்டாதவன். நீங்க வச்சாத்தான பிள்ளைக்கு அறிவு வரும்?"

"அறிவு உள்ளயே இருக்கும்."

வகுப்பறைக் குரல். அதில் ஒரு இம்மிகூட இறங்கவில்லை.

கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க தூக்கத்தை வையுங்க."