தபாலில் வராத தாள்

அமெரிக்காவின் டொலீடோ நகரத்துக் கார் சர்வீஸ் கவுண்டரில் டோரீன் ஒரு தாளை நீவி வைக்கிறாள். இணையத்தில் தேடிப் பிரிண்ட் எடுத்தது. கையுறையிலிருந்து உருகிய பனியில் அதன் ஓரம் நனைந்திருக்கிறது. ஓடும்போதே இஞ்சின் அணைந்துபோகும் அவள் காரின் கோளாறு அதில் அப்படியே எழுதியிருக்கிறது. "கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான் பாரு வெஸ்லி. இனி சும்மாதானே மாத்தித் தரணும்?" கவுண்டருக்குப் பின்னாலிருக்கும் வெஸ்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது. "இது ரீகால் இல்லீங்க. ரீகால்னா கம்பெனியே காரைத் திரும்பக் கூப்பிட்டுச் சரிபண்ணித் தர்றது; வீடு தேடித் தபால் வரும், செலவு அவங்களோடது. இது எப்படி ரிப்பேர் பண்றதுன்னு மெக்கானிக்குங்களுக்குக் கம்பெனி எழுதின குறிப்பு. உங்களுக்கு வாரன்டி முடிஞ்சிருச்சு, செலவு உங்களோடது." "அப்ப எப்பத்தான் ரீகால் ஆகும்?" "நிறையப் பேர் புகார் எழுதணும்." அரசாங்கத்தின் புகார்ப் பக்கத்தைத் திறந்து கணினித் திரையை அவள் பக்கம் திருப்புகிறான். காயமடைந்தவர் எத்தனை பேர்? டோரீன் ஒற்றை விரலால் பூஜ்யம் தட்டுகிறாள். இறந்தவர் எத்தனை பேர்? மறுபடியும் பூஜ்யம். விரல் விசையிலேயே நிற்கிறது. "பூஜ்யத்தைப் பார்த்தா அவசரப்பட மாட்டாங்க, இல்ல?" வெஸ்லி தாளை நான்காக மடித்து அவளிடமே நீட்டுகிறான். கண்ணாடிச் சுவருக்கு வெளியே, அதே காரின் முன்சீட்டில், மகள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கையசைக்கிறாள்.