மச்சாளின் தோள்

வயிற்றுக்குத்தால் பின்னேரமானால் வீரிட்டு அழும் பிள்ளை, தாய் சாரங்காவின் கைக்கு அடங்காது. புருஷனின் தமக்கை, மச்சாள் இராசமலர் தூக்கி முற்றத்தில் நடந்தால் உடனே அடங்கிவிடும்.

"பெத்தது நான். அவாவின்ர தோள்தான் வேணுமாம்."

"என்ன செய்யிறவா எண்டு அக்காட்டையே கேட்டுப் பாருமன்," என்றான் புருஷன்.

சாரங்கா கேட்கவில்லை. மச்சாளின் பாட்டைப் பாடிப் பார்த்தாள். அவளுடைய துவாயைத் தோளில் போட்டுப் பார்த்தாள். பிள்ளை அழுதது.

மச்சாள் கடைக்குப் போன ஒருநாள், சாரங்கா பிள்ளையைத் தூக்கி அவளைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து, காலை இழுத்து இழுத்து நடந்தாள். அழுகை நின்றது.

வெற்றியோடு திரும்பினால், வாசல் படலையில் இராசமலர்.

சாரங்கா கூசிப்போய் நின்றாள்.

"நிக்காதையும், அழப்போறான். இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாச் சாய வேணும். என்ர பொய்க்கால் அந்தப் பக்கம்."