பத்து விநாடி

“ஓடி வாங்க, லைட்டு சிமிட்டுது.”

போட்டோகிராபர் கேமராவின் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினார். தையல்காரியின் பக்கத்தில் போய் நிற்பதற்குள் ‘க்ளிக்’. படத்தில் விழுந்தது அவர் முதுகு மட்டும்.

“பத்து விநாடி வெச்சும் ஆறு தப்படி வர முடியலையா உங்களுக்கு?”

“முன்னாடி வந்து நின்னு பழக்கமில்லை” என்றார்.

பதறாமல் என்ன செய்வார்? வெளிநாட்டு வேலைக்கு அவருக்கு விசா வந்துவிட்டது. மனைவி என்று அவளுக்குப் போட்ட விண்ணப்பம்தான் நிற்கிறது. ‘கல்யாணச் சான்றிதழை யார் வேணா அச்சடிக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்திருக்கிற படம் கொண்டாங்க’ என்று சொல்லிவிட்டார் விசா அதிகாரி. நாளைக் காலை அவர் நம்பாவிட்டால் ஒருத்தர் அங்கே, ஒருத்தர் இங்கே. இவரை நம்பி அவள் தையல் மெஷினைக்கூட விற்றுவிட்டு நிற்கிறாள்.

“பக்கத்து வீட்டுல யாரையாவது எடுக்கச் சொல்லலாமே?”

“ஐயையோ, வேணாம். விஷயம் வெளிய தெரிஞ்சா ஊரே சிரிக்கும். என் தொழிலே போயிடும்.”

இரண்டாவது படத்தில் கண்ணை மூடியிருந்தார். மூன்றாவதில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம்.

“தோள்ல கை போடுங்க. கடிச்சுத் தின்னுடுவேனா?”

போட்டார். பலகையைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது.

“சரி, கல்யாணத் தேதி கேட்டா?”

“பதினாலு.”

“பதினேழு. சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது. நாளைக்கு இப்படி உளறினீங்க, ரெண்டு பேரும் தொலைஞ்சோம்.”

பதினோராவது படம் ஏதோ தேறியது.

மறுநாள் அதிகாரி அந்தப் படத்தை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நேத்து எடுத்ததா?”

போட்டோகிராபர் ‘ஆமாம்’ என்று தலையை மட்டும் ஆட்டினார்.

“யாரோ ரெண்டு பேரைப் பிடிச்சு நிக்க வெச்ச மாதிரி இருக்கு. பழைய படம் ஒண்ணுகூடவா இல்லை?”

தையல்காரி பையிலிருந்து கனத்த ஆல்பம் ஒன்றை எடுத்தாள். போட்டோகிராபர் பதறிப்போய் அதைப் பிடித்தார். “அதைக் காட்டாதே. காரியமே கெட்டுடும்.”

“விடுங்க. இனிமே கெட என்ன இருக்கு?” பிடுங்கி அதிகாரியிடம் நீட்டினாள்.

அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் கல்யாணப் படங்கள். கல்யாணப் பெண் நிற்கிறாள், உட்கார்கிறாள், சிரிக்கிறாள். எல்லாவற்றிலும் அவள் மட்டும்தான். அவர் ஆல்பத்தை மூடினார்.

“இதுல ஒரு படத்துலகூட இவர் இல்லையே, அம்மா. மாப்பிள்ளை எங்கே?”

“வேற யார் எடுத்தாலும் கெடுத்துடுவான்னு கேமராவை யார் கையிலயும் கொடுக்காம, எங்க கல்யாணத்தையும் தானே நின்னு எடுத்தாரு சார், இந்தப் புண்ணியவான்” என்றாள் அவள். “இருபத்துமூணு வருஷமா இவரோடதான் குடும்பம் நடத்துறேன், நாங்க சேர்ந்து நின்ன முதல் படமே நேத்து எடுத்ததுதான்.”