நிற்காத வளையல்

இசக்கிராஜாவைக் குளிப்பாட்டியபோது அரைஞாணை அறுத்து, அதிலிருந்த மணியை மாரிக்கனியிடம் கொடுத்திருந்தார்கள். மணி அவள் உள்ளங்கையில் சில்லென்று கிடந்தது. மணிக்கட்டில் வளையல் மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

கல்யாணத்தன்று பூட்டிய வளையல். புருஷன் அரைஞாணில் மணி. அவன் இதயம் துடிக்கிறபடி பெண்டாட்டி கையில் வளையல் துடிக்கும். போன வருடம் அது தாறுமாறாகத் துடித்ததும் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். "ரத்தம் கட்டி மூளைக்குப் போயிரும். மாத்திரையை விட்ராதிய" என்றார் டாக்டர். பொங்கல் கழிந்து துடிப்பு சீராகிவிட்டது. மாத்திரை போட்டானா என்று அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். நேற்று துறைமுகத்துக் கிரேனிலிருந்து அவனை இறக்கும்போதே உயிர் இல்லை. பக்கவாதம் என்றார்கள்.

"மிஷின்தான, பொறவு நின்னுரும்" என்றாள் மதினி.

இசக்கிராஜாவோடு கிரேன் ஓட்டும் சூசை மாலையோடு வந்தார். குளிர்பெட்டிக்குள் அவன் முகத்தைப் பார்த்ததும் அவர் மாலையைப் போடாமல் நின்றுவிட்டார். அதே நேரம் மாரிக்கனியின் வளையல் படபடவென்று அடித்தது. அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"எப்பருந்து அண்ணே?"

"பொங்கல்லருந்து. துடிப்பு தப்புனா நீ வேலைக்கு விடமாட்டன்னு அவன் மணிய எனக்குக் கட்டிவிட்டான். அவன் கட்டிக்கிட்டது வெறும் மணி, தாயி."

சூசையின் கை இடுப்புக்குப் போனது.

"கழட்டாதிய அண்ணே" என்றாள் மாரிக்கனி. "வளையல் உடைக்கிற வரைக்கும் கிடக்கட்டும்."