காப்புக் கட்டிய வாரம்

"எங்க சனங்க வாயில மண்ணைப் போட்டவன் எவன்? தைரியம் இருந்தா வெளிய வரட்டும்."

கையுறை தைக்கிற வெளிநாட்டுக் கம்பெனியின் கேட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்திருந்தார் ஊர்த்தலைவர் நாராயணசாமி. தியாகதுருகம் போகிற பஸ்ஸெல்லாம் வேகம் குறைத்து வேடிக்கை பார்த்தன.

ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. வெளிநாட்டுக்காரன் முதல் போடுகிறான், ஊரே பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் நிலத்தை வாங்கினார்கள். அடிமாட்டு விலை. பேரம் பேசத் தெரியாத சனம். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றதும், கட்டைவிரல் மையைக் கூடத் துடைக்காமல் சந்தோஷமாகத் திரும்பி வந்தது.

அறுபது வீடு. அறுபது வேலை. இன்று உள்ளே தைப்பவர்களில் ஊர்க்காரர் ஒருத்தர் கிடையாது. எல்லாம் வடநாட்டுப் பிள்ளைகள்.

கூட்டத்தில் முன்னால் நின்ற சின்னப்பொண்ணின் அப்பா பூமாலை கொடுத்த ஒன்றரை ஏக்கரில்தான் கம்பெனியின் கேண்டீன் நிற்கிறது. இந்த வேலை இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் குடகுக்குக் காபித் தோட்டக் கூலியாகப் போகவேண்டியதுதான். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான்.

கேட் திறந்தது. நிலம் கொடுத்தவர் வீட்டிலிருந்து ஒருவர் பேச வரலாம் என்றார்கள். எதுவானாலும் தன்னிடம் பேசட்டும் என்று தலைவர் சொல்லி முடிப்பதற்குள் சின்னப்பொண்ணு உள்ளே போய்விட்டாள்.

மேனேஜர் காசிநாதன் சின்னசேலத்துக்காரர். பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

காசிநாதன் நிதானமாகத்தான் பேசினார். ஆறு மாதத்துக்கு முன்பே ஊருக்கு பஸ் அனுப்பினார்களாம். சென்னைப் பக்கம் எட்டு நாள் தங்கிப் பயிற்சி. ஒருத்தர்கூட ஏறவில்லையாம். வேலையில் விருப்பமில்லை என்று எழுதிக்கொண்டு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

சின்னப்பொண்ணுக்குக் கோபம் வந்தது.

"அது மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டின வாரம் சார். காப்புக் கட்டிட்டா தேர் நெலைக்கு வர்ற வரைக்கும் எங்க ஊர்ல யாரும் வெளியூர்ல ராத்தங்க மாட்டாங்க. எட்டு நாள் தள்ளி வந்திருந்தா அறுபது பேரும் ஏறியிருப்போம். உங்களுக்கு வேற வாரமே கெடைக்கலியா?"

"வாரத்தை நாங்க குறிக்கலம்மா. எப்போ தோதுப்படும்னு ஊருக்கு எழுதிக் கேட்டோம். பதிலும் வந்துச்சி."

ஃபைலைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"நீங்க வராதது எங்களுக்கும் நஷ்டமில்ல," என்றார் காசிநாதன். "ரூம் எடுத்துத் தங்கற பசங்க காப்பு, தேருன்னு லீவு கேக்க மாட்டாங்க."

வெளிநாட்டுக்காரர் என்னவோ கேட்டார். காசிநாதன் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவர் சின்னப்பொண்ணைப் பார்த்து அழகாகச் சிரித்துவிட்டு மறுபடி லேப்டாப்பில் குனிந்துகொண்டார்.

அந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டாள். கொடுத்தார்கள். அவர்களுக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை.

வெளியே கூட்டம் வழிவிட்டது. தலைவர் தொண்டை கட்டிப்போய் நின்றார்.

"இன்னாம்மா சொல்றான் அந்த வெளிநாட்டுத் திருடன்? பயப்படாம சொல்லு. நான் இருக்கேன்."

சின்னப்பொண்ணு காகிதத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"காப்புக்கு நாள் குறிச்சதும் நீங்க, அதே வாரத்துல பஸ் அனுப்பச் சொல்லி இவங்களுக்குக் கையெழுத்துப் போட்டதும் நீங்க, இப்ப அந்த வடநாட்டுப் பசங்க வாடகை குடுத்துக்கினு இருக்கிற நாப்பது ரூமும் உங்களுது, கத்தினது போதும் மாமா, உள்ள போயி எங்க அறுபது வேலையையும் திருப்பி வாங்கிக்கினு வாங்க."