மீதிப் புகை

லேப்டாப் திரையில் புகை தியாகதுருகத்தை விட்டுக் கிளம்பியது.

மில் முதலாளி தனசேகரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருடைய ரைஸ் மில் புகைதான் அது. காற்றையும் மேடு பள்ளத்தையும் கணக்கில் சேர்த்து, எங்கெங்கே போய் விழும் என்று கம்ப்யூட்டர் போட்டுக் காட்டிய படம்.

படத்தை ஓட்டியவள் தமிழ்மொழி. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் என்றுதான் அவருக்குத் தெரியும். மில்லுக்குப் பின்னால் இருக்கும் காலனியில் பிறந்தவள் என்று தெரியாது.

அவள் அப்பா பச்சமுத்து இந்த மில் களத்தில் நெல் காயவைத்தவர். உமிச் சாம்பல் சோற்றில் விழுந்தது, துணியில் விழுந்தது, கடைசியில் நெஞ்சிலும் இறங்கியது. இருமி இருமியே செத்தார். பீடி குடித்துச் செத்தான் என்று வாய் கூசாமல் சொன்னவர் தனசேகரன்.

காலனிக்காரர்கள் மனுப் போட்டு, ஆய்வுக்கு உத்தரவு வந்ததும் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். மில்லை இழுத்துப் பூட்ட வைக்காமல் ஓய்வதில்லை என்று வயிறெரிந்து வந்தாள்.

மனிதர் முந்திக்கொண்டார். புகைபோக்கியை இரண்டு மடங்கு உயரமாகக் கட்டிவிட்டார். எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் காலனியில் இனி ஒரு தூசி விழாது என்றே வந்தது. காலனிக்கு நல்லதுதான். ஆனாலும் அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

கீழ்க்காற்றில் புகை கள்ளக்குறிச்சியைக் கடந்து, சங்கராபுரம் பக்கம் உயரத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அவர் கையை ஆட்டினார்.

“போதும்மா, நிறுத்து. நம்மூர்ல வுழல இல்ல? அதுக்கப்பறம் எங்க போனா நமக்கு இன்னா?”

நிறுத்தினாள்.

அவருக்கு வாயெல்லாம் பல். காபி வரவழைத்தார். கேட்காமலே வீட்டுக் கதை பேசினார்.

“பேத்திக்கு வீசிங்கும்மா. இந்தப் புகையே வேணாம்னு வெள்ளிமலைல வூடு கட்டி, மருமவளோட அங்கயே உட்டுட்டேன்.”

தமிழ்மொழி டம்ளரைக் கீழே வைத்தாள். படத்தின் மீதியை அவள் நேற்றே பார்த்திருந்தாள். உயரத்தில் போன புகை கல்வராயன் மலையில் முட்டி, தாண்ட முடியாமல், வெள்ளிமலை வீடுகளின் மேல் இறங்கிப் படுத்துக்கொண்டது.

சொல்லத்தான் வாயெடுத்தாள். பச்சமுத்துவின் மகள் வேறொன்று சொன்னாள்.

“நல்ல இடங்க. அங்கயே இருக்கட்டும்.”

அவர் பூரித்துப்போய்ப் பேத்தியின் போட்டோவைச் செல்போனில் எடுத்து நீட்டினார்.

அவள் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவாள்.