சத்தத்தோடு வேண்டும்

"ஊமைப் படமா கேட்டேன்? சத்தம் எங்கேம்மா?"

செரம்பான் லோபாக்கில் இருந்த அந்தச் சின்ன போன் கடைக்குள் கால் வைத்ததுமே அந்தோணிதாஸ் கத்தினார். கையிலிருந்த போனை மேசை மேல் தட்டென்று வைத்தார்.

திரையில் அவர் அம்மாவின் அடக்கப் பூசை ஓடிக்கொண்டிருந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தோணிதாஸ் பேசுகிறார். வாய் அசைகிறது, கை அசைகிறது, கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேமராவுல எடுத்தது போன்ல தொறக்கல, மாத்திக் கொடுன்னு பெண்டிரைவ ஒங்கிட்ட கொடுத்தேன். நீ பாதிய முழுங்கிட்டுக் கொடுக்கிற!"

கடைப் பெண் எலெய்ன் தயங்கினாள். "படம் நல்லா வந்திருக்கு அங்கிள். சத்தம்தான் சரியில்ல, அதான் எடுத்துட்டேன். ஏதாச்சும் ஜெபப்பாட்டு சேத்துத் தரவா? நல்லாருக்கும் லா."

"பாட்டா? எங்கம்மா சாவுக்கு நான் பேசுனத எடுத்துட்டுப் பாட்டுப் போடுவியா? யாரக் கேட்டு எடுத்த?"

மனிதர் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் அக்கா லில்லி அடக்கத்துக்கு வரவில்லை. வராதவள் சும்மாவாவது இருந்திருக்கலாம். குடும்ப வாட்சாப் குழுவில் இருபத்தேழு பேர் முன்னால் கேட்டுவிட்டாள்.

'அம்மா எட்டு மாசம் தோட்டத்து வீட்டுல படுக்கையில கெடந்துச்சு. செரம்பான்லேர்ந்து புக்கிட் பெலண்டோக் தோட்டம் என்ன அவ்வளவு தூரமா? எத்தனை தடவை போய்ப் பாத்த தம்பி?'

மாமன், மச்சான் எல்லாரும் அதைப் படித்தார்கள். ஒருவர்கூட அவருக்காகப் பரிந்து பேசவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில், பெற்ற தாயைக் கைவிட்டவன் என்று பெயர் வந்தால் எந்த முகத்தோடு நாலு பேர் வீட்டுப் படி ஏறுவது?

"ஃபாதர் பக்கத்துல நிக்க, பெட்டி மேல கைய வச்சுப் பேசியிருக்கேன். அதக் கேட்டா எங்கக்கா கப்சிப்னு அடங்கிருவா. நீ அதையே வெட்டி எறிஞ்சிருக்க! இதுக்கு ஒரு கடை வேற!"

போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆள் சேர்ந்ததும் அவருக்குத் தெம்பு கூடிவிட்டது.

"ஒன் தவுக்கே எங்க? மொதலாளியக் கூப்பிடு!"

"வேணாம் அங்கிள். மாத்தித் தர்றேன்."

பத்து நிமிடத்தில் அதே வீடியோவைச் சத்தத்தோடு போனில் ஏற்றினாள். கூடவே ஒரு ஹெட்போனையும் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க மட்டும் கேட்டுப் பாருங்க அங்கிள். அப்புறம் யாருக்கு வேணும்னாலும் அனுப்புங்க."

"ஏன், நான் என்ன திருட்டு வேலையா பாக்குறேன், காதுல மாட்டிக்கிட்டுக் கேக்க? எல்லாரும் கேக்கட்டும்!"

ஹெட்போனைத் தள்ளிவிட்டார். ஆத்திரம் அடங்காமல் வீடியோவை அப்படியே குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். 'நல்லா கேட்டுக்கோ அக்கா' என்று கீழே ஒரு வரி எழுதினார். பிறகு சத்தத்தை முழுசாகக் கூட்டி, கண்ணாடி ஒட்ட வந்தவர்கள் பக்கமும் போனைத் திருப்பிப் பிடித்தார்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பூசை முடிஞ்ச கையோட ஓடி வந்துருவேனே அம்மா! என் கையால கஞ்சி ஊட்டி விட்டேனே!"

அவர் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. கேமரா நின்றது கடைசி பெஞ்சு ஓரத்தில். அந்தப் பெஞ்சில் இருந்தது அம்மாவின் பக்கத்து வீட்டு முத்தாயி. அவள் அருகிலிருந்தவளிடம் முணுமுணுத்தது கடை முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"ஒரு ஞாயிறுகூட இவன் வரல. 'தாஸு வந்தானா'ன்னு அது கேட்டுக்கிட்டே கெடக்கும். மனசு கேக்காம, 'வந்தான் ஆயா, நீ தூங்கிட்ட, ஒன் நெத்தியில சிலுவ போட்டுட்டுப் போனான்'னு நாந்தான் வாராவாரம் பொய் சொல்லுவேன். நெத்தியத் தடவித் தடவிப் பாத்துக்கும்."